கட்டி வைத்த மூச்சு

ஊதிக் கட்டிய தோல் ஒரு ராத்திரி தொங்கினால் கொஞ்சமாவது தளர வேண்டும். எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும், முடிச்சு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், காலையில் வயிற்றுப் பக்கம் விரலை வைத்து அழுத்தினால் ஒரு சின்னக் குழி விழும். ஆம்பூரில் பாலாற்றை ஒட்டியிருந்த தோல் ஷெட்டுகளில் எவனைக் கேட்டாலும் இதைச் சொல்வான். ஆனால் அமீர் பாஷா தன் வீட்டு முன்கூடத்து உத்திரத்தில் தொங்கிய தோலை, அது வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆன பிறகு அழுத்திப் பார்த்தபோது குழி விழவில்லை. விரலைத்தான் அது திருப்பித் தள்ளியது.

“வஜீதா, இங்க வந்து பாரு. நேத்தைவிட இன்னிக்கு ஜாஸ்தி உப்பியிருக்கு.”

அவன் மனைவி வஜீதா அடுக்களை வாசலோடு நின்றுகொண்டாள். தோல் வந்த நாளிலிருந்து அவள் முன்கூடத்தைப் பாதிதான் பெருக்குகிறாள் என்பது தெருவுக்கே தெரியும். மீதிப் பாதியில் படிந்த தூசியை ஜன்னல் வழியாகவே எல்லோரும் பார்த்தார்கள்.

“நீங்க ஊதினீங்களா?” என்றாள்.

“எனக்கு வேற வேலை இல்ல பாரு.”

“ஊதலைன்னா எப்படி உப்பும்?”

நியாயமான கேள்விதான். பெண்டாட்டி கேட்கும் நியாயமான கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வழக்கம் அமீர் பாஷாவுக்கு இல்லை. தோலின் வயிற்றில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மேல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். தட்டிய இடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. வழக்கமாக வரும் டொம் என்ற சத்தமில்லை. தூங்குகிறவனை விலாவில் இடித்தால் அவன் மூக்கு வழியாக விடுவானே, அந்த மாதிரி ஒன்று.

அமீர் பாஷாவின் தொழிலே ஊதுவதுதான். கொல்லனின் துருத்திக்கும் தண்ணீர் சுமக்கிறவனின் பைக்கும் ஆட்டுத் தோலை வயிற்றில் கிழிக்காமல், ஈரச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றுவதுபோல முழுசாக உரித்து எடுப்பார்கள். சுண்ணாம்புக் குழியில் போட்டு முடியை நீக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, தோல் பதமானதும் கழுத்தையும் மூன்று கால்களையும் நரம்புக் கயிற்றால் இறுக்கிவிடுவார்கள். மிச்சமிருக்கும் ஒரு முன்னங்காலில் ஒருவன் வாய் வைத்து ஊத வேண்டும். தோல் ஆடாகி எழும்பும். அந்தக் காலையும் கட்டித் தொங்கவிட்டால், ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் விடிவதற்குள் சப்பிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும்.

நாலு பேர் ஆளுக்குச் சில தோலாக ஊதி மூச்சு வாங்குகிற வேலையை அமீர் பாஷா ஒருவனே செய்தான். அந்த நெஞ்சைப் பார்க்க வேண்டுமே! சட்டைக்குப் பொத்தான் வைப்பது வீண் என்று தையல்காரனே சொல்லிவிட்டானாம். குளிர்காலத்திலும் திறந்த மார்போடுதான் மசூதித் தெருவில் நடப்பான். அவன் வயிறு பிழைத்ததும், ஊரில் பேர் எடுத்ததும், முதலாளி எதிரே வந்தாலும் ஒதுங்காமல் நடந்ததும் அந்த மூச்சால்தான். ஆம்பூரிலேயே பெரிய மூச்சுக்காரன் வீட்டில் அடுப்பை மட்டும் வஜீதாதான் கண்ணெரிய ஊதினாள்.

ஊதுகிறவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் பாதி ஊதியதை இன்னொருவன் தொடர மாட்டான். முன்னவன் காற்றை முழுதும் இறக்கிவிட்டு, தோலை மிதித்துத் தட்டையாக்கி, அப்புறம்தான் தன் வாயை வைப்பான். எச்சில் அருவருப்பு என்று சிலர் சொன்னார்கள். இரண்டு பேர் மூச்சை ஒரே பையில் அடைக்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். காரணம் எதுவானாலும் யாரும் மீறினதில்லை.

அமீர் பாஷா மீறினான். அந்தக் கதைதான் உத்திரத்தில் தொங்கியது.

கவுஸ் பாஷா பட்டைக் கொட்டகையில் இருந்தவர். ஆவாரம்பட்டையை இடிக்கும் இடத்தில் எழும் செம்புழுதியை வயசெல்லாம் இழுத்து இழுத்து, நெஞ்சு அடைத்துப்போன மனிதர். அவர் வருவதைக் காது முதலில் சொல்லும்; வாயகன்ற சொம்புக்குள் காற்று சுற்றுவதுபோல ஒரு ஊளை. இருமலை அடக்க எப்போதும் வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கியிருப்பார். இனிமேல் பட்டை இடித்தால் ஆள் தங்கமாட்டார் என்று அருணகிரி மேஸ்திரி இரக்கப்பட்டு, தோல் கட்டும் பக்கம் அவரை மாற்றிவிட்டார். முடிச்சுப் போடுவதுதான் அவர் வேலை. அதுவும் அமீர் பாஷாவுக்குப் பொறுக்கவில்லை. தன் ஊதலுக்குப் பக்கத்தில் இன்னொருவனின் ஊளையா?

மேஸ்திரி சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம், ஷெட்டில் எல்லோரும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தான்.

“கவுஸ் பாய், இது ஊதறவன் இடம். முடிச்சு என் பொண்டாட்டிகூடப் போடுவா. ஒரே ஒரு தோல் ஊதிக் காட்டு. காட்டிட்டா உன்னை இங்கயே வெச்சிக்கச் சொல்லி மேஸ்திரிகிட்ட நானே சொல்றேன். இல்லன்னா திரும்பவும் பட்டைக்குப் போய்டு.”

“எனக்கு எங்கப்பா அந்த நெஞ்சு?”

“நெஞ்சு இல்லாமயா இந்த ஊளை வருது?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாரும் பின்னால், நான் சிரிக்கவே இல்லை என்று சொன்னதும் தெருவுக்குத் தெரியும்.

அவன் எடுத்துக் கொடுத்தது ஷெட்டிலேயே பெரிய கிடாத்தோல். கவுஸ் பாஷா கிராம்பைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு ஊதினார். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கழுத்தெலும்புக்கு மேலே இரண்டு குழிகள் கிண்ணம்போல் உள்ளே போயின; விலாக்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்து மறைந்தன; முகம் சிவப்பாகி, நீலமாகி, பட்டைத்தண்ணீர் நிறத்துக்கு வந்தது. தோல் பாதி எழும்பிவிட்டது. பந்தயம் கட்டினவன்போல அமீர் பாஷா துடையில் தட்டித் தட்டி, “ஊது, ஊது, இன்னும் அடியில இருக்கு பார், அதையும் ஊது” என்றான். கவுஸ் பாஷா அதையும் ஊதினார். நீளமாக ஊதினார். அதற்கப்புறம் இழுக்கவில்லை. ஆட்டின் காலை வாயில் வைத்தபடியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

அமீர் பாஷாவின் கை பழக்கத்தால் முந்திக்கொண்டது. காற்று வெளியே போகாமல் அந்தக் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“நடிக்கிறான்” என்றான். “பட்டைக்குப் போவணும்னு பயம். இங்க பாருங்க, பாதி ஊதினவன் படுத்துகிட்டான், மீதியை நான் முடிக்கிறேன்.” காற்றை இறக்கவில்லை, தோலை மிதிக்கவில்லை, வாயைக்கூடத் துடைக்காமல் அப்படியே வைத்து, அவர் மூச்சுக்கு மேல் தன் மூச்சை ஊதி நிரப்பினான். முடிச்சும் போட்டான். அதற்குள் கவுஸ் பாஷாவின் முகத்தில் தண்ணீர் தெளித்தவர்கள் தெளிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “பாய், அந்த முடிச்சை அவுத்து விடு. இந்தத் தோல் இங்க இருக்கக் கூடாது.”

“நல்ல தோல் மேஸ்திரி. நான் எடுத்துக்கறேன்” என்றான் அமீர் பாஷா.

பயமில்லை என்று காட்டவேண்டுமே. பிடிவாதக்காரர்கள் பாதி வேலையை அதற்காகத்தான் செய்கிறார்கள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தோலைக் காட்டி, “இதான் நம்ம கவுஸ். செத்தும் உப்பிகிட்டே இருக்கான்” என்று தட்டிக் காட்டினான். சிலர் வேடிக்கை பார்த்தார்கள். சிலர் வெளியே போய்த் துப்பினார்கள்.

அந்த வாரக் கடைசியில்தான் கவுஸ் பாஷாவின் மனைவி மஹ்பூபி வந்தாள். இத்தா இருக்க வேண்டிய பெண். புருஷன் மவுத்தாகி இன்னும் மாதம்கூடத் திரும்பவில்லை, வாசற்படி தாண்டக் கூடாது. அவள் தெருவோடு பட்டப்பகலில் நடந்து வந்ததைப் பார்த்து ஒவ்வொரு ஜன்னல் திரையும் அசைந்தது. அமீர் பாஷாவின் வாசலில் நின்று, முக்காட்டை இறுக்கிக்கொண்டு, தோலைப் பார்த்தே பேசினாள்.

“பாய், அதை அவுத்து விட்டுடுங்க.”

“எதுக்கும்மா?”

“குளிப்பாட்டும்போது கண்ணை மூடி மூடி வெச்சாங்க பாய். தொறந்துகிட்டே இருந்திச்சி. என்னைப் பார்த்துது. சும்மா தொறந்த கண்ணு இல்ல, பார்க்கற கண்ணு. அவர் மூச்சை நீங்க கட்டி வெச்சிருக்கீங்க. அது போனாத்தான் ரூஹு ஒடம்பை விட்டுப் போவும். அதுவரைக்கும் அவர் கபர்ல மண்ணுக்கடியில முழிச்சிகிட்டுப் படுத்திருக்காரு.”

அமீர் பாஷாவுக்கு வந்த சிரிப்பு உண்மையான சிரிப்பு. “முழிச்சிகிட்டு இருக்காரா? அப்படின்னா கபுருஸ்தானுக்குப் போய்ப் பேச்சுத்துணையா உட்காரு. இங்க இன்னா பேஜார் பண்றே?”

அவள் அழவில்லை. உள்ளே வஜீதா மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். மஹ்பூபி மூக்கை லேசாக உயர்த்தி அந்த வாசனையைப் பிடித்தாள். தொங்கும் தோலை ஒரு தரம் பார்த்தாள். “அவருக்கு மீன் ஆகாது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் தொழுகைக்குப் போகும்போது, மசூதிப் படிகளில் பாதியில் அமீர் பாஷா நின்றான். இது நடந்ததே இல்லை. கிழவர்கள் அவனைத் தாண்டி ஏறினார்கள். அவன் தூணில் கைவைத்து, எதையோ யோசிக்கிறவன்போல வானத்தைப் பார்த்து நின்றான். யோசனைக்கும் அவனுக்கும் இருந்த தூரம் எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் நம்பவில்லை.

மறுநாள் ஷெட்டில் ஒரு சின்னக் குட்டித்தோலை ஊதினான். பாதியில் உதடு நழுவியது. திரும்ப ஊதினான். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. பக்கத்தில் இருந்தவன் கேட்டான்: “இன்னா அமீர் பாய், வயசாயிட்டதா?” சாதாரணமாக இருந்தால் அவனைத் தூக்கிச் சுண்ணாம்புக் குழியில் போட்டிருப்பான். இப்போது அதற்கு மூச்சு வேண்டுமே என்று இருந்தது. அருணகிரி மேஸ்திரி அவன் கையிலிருந்த தோலை வாங்கி இன்னொருவனிடம் கொடுத்தார். அப்படிக் கொடுத்ததை அமீர் பாஷா கடைசிவரை மறக்கவில்லை. கடைசி அதிக தூரத்தில் இல்லை என்பது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தோல் இன்னும் பெருத்திருந்தது. விளக்கேற்றும் நேரம். தெருவில் பிரியாணி தேக்சாவைத் திறந்த வாசனை மிதந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு குழந்தை பாடம் ஒப்பித்தது. வஜீதா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டபோது தோலின் நிழல் சுவரில் ஏறி, நாலு குட்டைக் கால்களை விரித்துக்கொண்டு, மெதுவாக அகலமாகியது. பிறகு மெதுவாக ஒடுங்கியது. விளக்கு ஆடவில்லை. சுடர் நிமிர்ந்து நின்றது. நிழல் மட்டும் அகலமாகி, ஒடுங்கி, அகலமாகி.

அவன் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

நிழல் நின்றது.

விட்டான். நிழல் அகலமாகியது.

“வஜீதா” என்றான். “உனக்கு எதுனா கேக்குதா?”

“தினமும் கேக்குது” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். “கவுஸ் பாய் வந்து நிக்கற மாதிரி. சொன்னா அடிப்பீங்கன்னு சொல்லல.”

மறுநாள் வண்டி ஏறி வேலூருக்குப் போனான். லாங் பஜாரில் மளிகைக் கடைக்கு மாடியில் ஒரு டாக்டர் இருந்தார். குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டு, முதுகில் தட்டிக் கேட்டு, காளை மாட்டு நெஞ்சு என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

“அப்புறம் ஏன் சாமி காத்து பத்தல? நான் நல்லாத்தான் இழுக்கறேன்.”

டாக்டருக்குப் பேசப் பிடிக்கும்போல. “நீ காத்தை இழுக்கறதா நெனைச்சிட்டிருக்கே. அப்படி இல்லப்பா. விலா எலும்பு மேல தூக்கும். வயித்துக்கு மேல குடைமாதிரி ஒரு தசை இருக்கு, அது கீழ இறங்கும். நெஞ்சுக்குள்ள இடம் பெரிசாகும். இடம் கிடைச்சா காத்து தானா ஓடி வரும். உங்க கொல்லன் துருத்தியைத் தூக்கறானே, அதேதான். தூக்கறதை விட்டா அதுவா அமுங்கி வெளிய போயிடும். தூங்கும்போதுகூட நடக்குது, நீயா நடத்தறே?”

“முழுசா வெளிய விட்டுட முடியுமா?”

“முடியாது. எவ்வளவு அழுத்தி ஊதினாலும் அடியில கொஞ்சம் தங்கிடும். அது நம்ம கையில இல்ல. கடைசிவரைக்கும் உள்ளயே இருக்கும்.”

“அதையும் ஊதிட்டா?”

டாக்டர் சிரித்தார். “அதை ஊதினவன் எவனும் வந்து சொன்னதில்ல. ஈரத்துணி ரெண்டு ஒட்டிக்கிட்ட மாதிரி நெஞ்சு ஒட்டிக்கும். போ, போய் நல்லா சாப்பிடு.”

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அமீர் பாஷா வாழ்க்கையில் முதல் முறையாக யோசித்தான். இன்னும் அடியில இருக்கு பார், அதையும் ஊது. அவன்தானே சொன்னான். அந்த அடிமூச்சு பையில் இருக்கிறது. அதன் மேலே தன் மூச்சை வைத்து அழுத்தி முடிச்சுப் போட்டிருக்கிறான். கீழே இருப்பவன் மேலே இருப்பவனைப் பிடித்துக்கொண்டுவிட்டான். பிடித்த கை கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறது. தான் விடுகிற மூச்சில் ஒரு வாய் அங்கே போகிறது, திரும்பி வருவதில்லை.

அவிழ்த்துவிடலாம். அவிழ்த்தால் கவுஸ் போய்விடுவான். கூடவே அடைபட்ட தன் மூச்சும் போய்விடும். அதற்குள் தன் அடிமூச்சும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தால்? எவ்வளவு அங்கே, எவ்வளவு இங்கே? யார் பார்த்துச் சொல்வது? வாணியம்பாடி, குடியாத்தம் என்று எந்த ஊர்த் தோலையும் தடவிப் பார்த்துத் தரம் சொல்கிறவனுக்குத் தன் நெஞ்சுக்குள் எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கையில் அவன் மூச்சு ஊளையிட்டது. வாயை மூடிக்கொண்டான். மூக்கு வழியாக வந்தது. தெருப் பெண்கள் கதவுக்குப் பின்னால் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டார்கள்: “கவுஸ் பாய் போறாரு பாரு.”

அதற்குப் பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை. தோலுக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். படுத்தால் தண்ணீரில் முழுகுவதுபோல் இருந்தது. தோல் இப்போது ஆடு அளவில் இல்லை, உத்திரம் முனகியது, தையலே இல்லாத தோலில் வியர்வைபோல் சின்னச் சின்னத் துளிகள் நின்றன. கிட்டே போனால் கிராம்பு வாசனை. வஜீதா அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு முன்கூடத்துக்கு வந்தபோது அவன் அவள் காலைப் பிடித்தான். அடிக்கிற கையால் காலைப் பிடித்தான்.

“வெட்டாதே. நானும் அதுல இருக்கேன்.”

அவள் அரிவாள்மணையைக் கீழே போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்த் தாளிட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஆண்களெல்லாம் மசூதியில். தெரு காலி. வெயில் ஓட்டுக்கூரையின் இடுக்குகள் வழியாக ஊசி ஊசியாக இறங்கியது. சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்த ஊர்வாசனை அவனுக்கு எட்டவில்லை. நெஞ்சின் மேல்பாகம் மட்டும், தொண்டைக்குச் சற்றுக் கீழே, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அசைந்தது. அதற்குக் கீழே எல்லாம் ஈரத்துணி.

ஒரே ஒரு வழிதான் அவனுக்குத் தோன்றியது. தன்னுடையதைத் திரும்ப எடுத்துக்கொள்வது.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். தோலை இறக்கி, தரையில் உட்கார்ந்து மடியில் போட்டான். சூடாக இருந்தது. முன்னங்காலின் முடிச்சைப் பல்லால் தளர்த்தி, ஒரு துளி காற்றும் நழுவாமல் காலை உதட்டுக்குள் வாங்கிக்கொண்டான்.

இழுத்தான்.

வந்தது.

கிராம்பு. செம்புழுதி. மருந்து வாசனை. வஜீதாவின் வறுத்த மீன். தொண்டை வழியாகக் கவுஸ் பாஷா இறங்கினார். நெஞ்சில் ஒரு தரம் சுற்றினார். யாருடைய வீட்டையோ தாண்டிப் போகிறவர்போல நிற்காமல் மூக்கு வழியாக வெளியேறினார். கூடத்தில் கிராம்பு மணந்தது. பிறகு மணக்கவில்லை.

இனி தன்னுடையது. அமீர் பாஷா மறுபடி இழுத்தான்.

வரவில்லை.

விலாவைத் தூக்கினான். தூக்கிப் பார்த்தான். நெஞ்சு தானாக அமுங்கியது. அவன் ஊதவில்லை. அது அமுங்கியது. உள்ளே இருந்தது ஆட்டின் காலுக்குள் போயிற்று. இன்னும் அமுங்கியது. அடியில் இருந்ததும். அதுவும்.

தோல் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

வாயை எடுக்க முடியவில்லை. எடுத்தால் எல்லாம் போய்விடும். எடுக்காவிட்டால் எதுவும் வராது.

வாசலில் நிழல் விழுந்தது. மஹ்பூபி. எப்போது வந்தாளோ. உள்ளே வந்து, கூடத்து நடுவில் நின்று, முகத்தை உயர்த்தி மெல்ல மோந்தாள். கடைசிக் கிராம்பு எங்காவது தங்கியிருந்திருக்க வேண்டும். அவள் தோள்கள் இறங்கின. “போய்ட்டீங்களா?” என்றாள், அவனிடம் இல்லை. பிறகு அவன் எதிரில் குந்தினாள்.

அவன் கண்களால் கெஞ்சினான். கெஞ்சுவது அவனுக்குப் புதுசு, சரியாக வரவில்லை.

“பயப்படாதீங்க பாய். ஒண்ணும் சிந்தாது.”

இரண்டு விரலால் ஆட்டின் காலை அவன் உதட்டுக்கு வெளியே இறுக்கிப் பிடித்தாள். உருவினாள். நரம்புக் கயிற்றைப் பல்லில் கடித்து, சுற்றி, சுற்றி, முடிச்சுப் போட்டாள். முடிச்சுக்காரனின் பெண்டாட்டி. அவசரமே படவில்லை.

“வஜீதா! வஜீதாம்மா!” என்று அதற்கப்புறம்தான் கூப்பிட்டாள். “பாய் மவுத்தாய்ட்டாரு, வா.”

அவன் தரையில் கிடந்தான். வலிக்கவில்லை. கேட்டது. எல்லாம் கேட்டது. ஓடி வந்த கால்கள். மூக்கருகே பிடித்த பஞ்சு, ஆடவில்லை என்றார்கள். வஜீதாவின் அழுகை, அதில் பாதி நிம்மதி. “இந்தச் சனியனை நான் கொண்டுபோய்டறேன்” என்ற மஹ்பூபியின் குரல். “கொண்டு போ, என் கண்ணுல படாம கொண்டு போ” என்ற வஜீதாவின் குரல்.

கத்தப் பார்த்தான். கத்துவதற்கான மூச்சு மஹ்பூபியின் இடுப்பில் குழந்தைபோல் ஏறித் தெருவில் போய்க்கொண்டிருந்தது.

குளிப்பாட்டினார்கள். தண்ணீர் இளஞ்சூடு. கண்ணை மூடினார்கள். திறந்தது. மூடினார்கள். திறந்தது. “பெரிய மூச்சுக்காரன், சும்மா போவானா” என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் அடக்கமாகச் சிரித்தார். வெள்ளைத் துணி முகத்தின் மேல் வந்தது. தூக்கினார்கள். இறக்கினார்கள். பலகைகள். ஒவ்வொன்றாக. வெளிச்சம் கோடாகி, கோடு அறுந்தது. மேலே மண்.

மண் நின்றது. காலடிகள் போயின.

இருட்டு. ஈரம். நெஞ்சு அசையவில்லை. ஆனால் எங்கோ ஒன்று அசைந்தது. அவனுடையதுதான். ஏறியது, இறங்கியது, ஏறியது. அதன் வழியாக முதலில் வந்தது அடுப்புப் புகை. பிறகு காயும் எண்ணெய். மஹ்பூபியின் வீடு. தாழ்ந்த உத்திரம், அடுப்புக்கு நேர் மேலே. இத்தனை நாளும் கவுஸ் பாஷா மண்ணுக்குள் கிடந்து வஜீதாவின் சமையலை மோந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

அவள் வெங்காயத்தைப் போட்டாள். நிதானமாக வதக்கினாள். கீழே யாரோ அண்டை வீட்டுக்காரி, “இதை எப்பத்தான் அவுக்கப் போறே?” என்று கேட்டாள்.

“நல்ல தோல் ஆயிஷாம்மா” என்றாள் மஹ்பூபி. “தளரவே தளராது. என் ஆயுசுக்கும் இருக்கும்.”

காய்ந்த எண்ணெயில் மிளகாய்த்தூளைக் கொட்டினாள். நெடி எழும்பி உத்திரத்தைத் தொட்டது.

மண்ணுக்கடியில் அமீர் பாஷாவுக்கு இருமல் வந்தது. இருமுவதற்கு உள்ளே ஒன்றுமில்லை. இருமல் போகவும் இல்லை.